கறுப்பு ஓரத்தில் மை: 1971 டாப்ஸ் கார்டுகள் கைமாறிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டுகளை ஆண்டுக்கொரு செட்டாக வெளியிடுவது டாப்ஸ் நிறுவனம். 1971 செட்டில் மொத்தம் 752 கார்டுகள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சேகரிப்பாளர் ஒருவரிடம் 741 சேர்ந்துவிட்டன. பாக்கி பதினொன்று. அவற்றைக் காசு கொடுத்து வாங்க அவருக்கு மனமில்லை. வேறு ஆண்டுக் கார்டுகள் இரட்டை இரட்டையாகக் கிடக்கின்றன, அவற்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஆள் தேடுகிறார். நாட்டின் மறுகோடியில், ஓரிகனில், அந்தப் பதினொன்றையும் உபரியாக வைத்திருப்பவர் அகப்படுகிறார். அவருக்கு 1975 செட்டில் இரண்டு பெரிய கார்டுகள் வேண்டும். பேச்சு மூன்றே நாளில் முடிந்தது. இரண்டு உறைகள் எதிரெதிராகத் தபாலில் போயின. இரண்டும் போய்ச் சேர்ந்தன. பிரித்துப் பார்த்தபோது ஆளுக்கு ஒரு கார்டில் வில்லங்கம்.

இந்த இருவரும் விளக்கத்துக்காக வைத்த மாதிரி ஆட்கள். கீழே வரும் டாலர் தொகைகளும் கணக்கு புரிவதற்காக வைத்தவையே. சந்தை விலை மாதத்துக்கு மாதம் மாறும். கார்டு எண்கள், அவற்றின் குணம், தபால் நடைமுறை, தவறு நடக்கும் இடங்கள் ஆகியவை மட்டும் உள்ளபடி உள்ளவை.

கைமாறிய கார்டுகள்

ஓரிகன்காரர் தர வேண்டியவை: 513-ஆம் எண் நோலன் ரயன், 709-ஆம் எண் புதுமுகக் கார்டு, 644-க்கு மேற்பட்ட எண்களில் ஒன்பது சாதாரணக் கார்டுகள். பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரரின் கார்டை இந்த வட்டாரத்தில் ‘காமன்’ என்பார்கள். 709-இல் மூன்று இளைஞர்களின் முகங்கள்: டஸ்டி பேக்கர், டான் பெய்லர், டாம் பசியோரெக். பெய்லர் 1979-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். பேக்கர் 2022-இல் ஹூஸ்டன் அணியின் மேலாளராக, பருவத்தின் பட்டப் போட்டியான உலகத் தொடரை வென்றார். 1971-இல் அந்தக் கார்டை சைக்கிள் சக்கரத்தில் செருகி ஓட்டிய சிறுவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

ஒஹையோக்காரர் தர வேண்டியவை: 1975 செட்டின் 228-ஆம் எண் ஜார்ஜ் பிரெட், 223-ஆம் எண் ராபின் யவுன்ட், 1980 செட்டின் 482-ஆம் எண் ரிக்கி ஹெண்டர்சன். மூன்றுமே அந்தந்த ஆட்டக்காரரின் முதல் டாப்ஸ் கார்டு. ‘ரூக்கி’ என்று மதிப்பு கூடும். ரயன், பிரெட், யவுன்ட் மூவரும் 1999-இல் ஒரே ஆண்டில், பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனவர்கள். ஒரே பேரத்தில் அந்த மூவரும் எதிரெதிர்த் தட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு சேகரிப்பாளருக்குக் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கும். இன்னொன்றும் சொல்லலாம். 513-இல் ரயன் நியூயார்க் மெட்ஸ் உடையில் இருக்கிறார். அதே 1971 டிசம்பரில் மெட்ஸ் அவரையும் வேறு மூவரையும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஜிம் ஃப்ரெகோசியை வாங்கியது. பந்துவீச்சாளரான ரயன் 5,714 ஸ்ட்ரைக் அவுட்களோடு, அதாவது அத்தனை தடவை மட்டையாளர்களை வெளியேற்றி, ஓய்வு பெற்றார். கார்டு மாற்றுபவர்கள் செய்யும் எந்தத் தப்புக் கணக்கும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

1971-இன் தனித்தன்மை இங்கே முக்கியம், ஏனென்றால் இரண்டு வில்லங்கங்களில் ஒன்று அதிலிருந்துதான் கிளம்பியது. அந்த ஆண்டுக் கார்டின் முகப்பில் படத்தைச் சுற்றிக் கன்னங்கறுப்பான ஓரம். கார்டின் அட்டையோ வெளிர்நிறம். மேல்பூச்சு மட்டும்தான் கறுப்பு. மூலை எங்காவது லேசாக இடித்தாலும், மற்றொரு கார்டோடு உரசினாலும், கறுப்பு மை பொட்டுப்பொட்டாகச் சிதறி அடியிலுள்ள வெள்ளை தெரியும். அதற்கு முந்தைய 1970 செட்டுக்குச் சாம்பல் ஓரம்; அதே இடி அதில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே 1971 கார்டில் நல்ல ஓரம் அபூர்வம். அபூர்வமாக இருப்பதால்தான் சிலர் பேனா எடுக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரு ஆண்டின் செட்டை ஒரே தடவையில் வெளியிடாது. வசந்தத்தில் தொடங்கித் தவணை தவணையாகக் கடைக்கு அனுப்பும். கடைசித் தவணை வரும்போது பேஸ்பால் பருவம் முடியப்போகும், பையன்கள் ஃபுட்பால் கார்டுக்கு மாறியிருப்பார்கள், கடைக்காரரும் குறைவாகத்தான் எடுப்பார். 1971-இல் 644 முதல் 752 வரை அப்படி வந்தவை. ‘ஹை நம்பர்’ என்பது இதைத்தான். பெயர் தெரியாத ஆட்டக்காரர் கூட அந்த எண்களில் இருந்தால் மற்ற காமன்களைவிடப் பல மடங்கு கேட்பார்கள். 1974 முதல் செட் முழுவதும் ஒரே தடவையில் வரத் தொடங்கியது. இந்தச் சிக்கல் அதோடு போயிற்று.

விலை பேசிய முறை

இருவரும் செய்த முதல் தவறு வரிசையை மாற்றியது. நிலையைப் பேசுவதற்கு முன்பே விலையைப் பேசிவிட்டார்கள். “உங்கள் ரயன் 80, என் பிரெட் 95, சரியா?” என்று முதல் செய்தியிலேயே எண்கள் வந்துவிட்டன. எண்ணில் மனசு பதிந்துவிட்டால், பிறகு படம் வரும்போது எண்ணுக்கு ஏற்றபடிதான் கண் பார்க்கும்.

விலை எடுத்த விதம் மட்டும் ஒழுங்கானது. 1980-களில் பிள்ளைகள் ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1984-இல் தொடங்கிய மாத இதழின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுவார்கள். மேல்விலை, கீழ்விலை என்று இரண்டு நிரல் இருக்கும். இன்று அப்படி யாரும் பேசுவதில்லை. ஈபேயில் உண்மையாக விற்றுமுடிந்த விலைகளைத்தான் பார்க்கிறார்கள். ‘கம்ப்ஸ்’ என்று பெயர். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. அதே கார்டு, அதே நிலை, கடைசி ஐந்து விற்பனை. அதில் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் தள்ளிவிட்டு மிச்சம் மூன்றின் சராசரி. விலை மேல் கோடு போட்டிருந்தால் அது பேரம் பேசி முடிந்த விற்பனை. காட்டும் தொகை உண்மையான தொகை அல்ல, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தபால் செலவைச் சேர்ப்பதா விடுவதா என்பதை இருவரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இவர்கள் சேர்க்கவில்லை.

கணக்கு இப்படி வந்தது. ஓரிகன் பக்கம்: ரயன் 80, பேக்கர்-பெய்லர் 90, ஒன்பது ஹை நம்பர் காமன்கள் தலைக்கு 8 வீதம் 72. ஆக 242. ஒஹையோ பக்கம்: பிரெட் 95, யவுன்ட் 60, ஹெண்டர்சன் 75. ஆக 230. துண்டு விழுந்தது 12. அதை 1972 செட்டின் ஹை நம்பர் காமன் இரண்டு, ஒன்று 6 டாலர், போட்டுச் சரிக்கட்டினார்கள்.

பல சின்னக் கார்டுகளைக் கொடுத்து ஒரு பெரிய கார்டை வாங்கும்போது பெரியதைத் தருபவர் பத்து, இருபது சதவீதம் கூடுதலாகக் கேட்பது வழக்கம். கேட்பதில் நியாயமும் உண்டு: பெரிய கார்டு ஒரு நாளில் விலைபோகும், ஒன்பது காமன்களுக்கு ஒன்பது வாங்குபவர்களைத் தேட வேண்டும். இங்கே அந்தப் பேச்சு எழவில்லை. காரணம், ஒஹையோக்காரருக்கு ஒன்பதும் தேவையானவை, விற்கப்போவதில்லை. ஆனால் தேவையை வெளிக்காட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. “இன்னும் பதினொன்றுதான் பாக்கி” என்று முதலிலேயே சொல்பவர் தன் கையைத் திறந்து காட்டிவிடுகிறார். எதிராளி நல்லவராக அமைந்ததால் தப்பித்தார். எண்களை மட்டும் அனுப்பி, அவை கடைசிப் பதினொன்று என்பதை அனுப்பாமல் இருப்பது பொய்யாகாது.

விற்று வாங்காமல் மாற்றுவதில் இருவருக்கும் உள்ள லாபமும் சின்னதல்ல. ஈபே தன் பங்காகச் சுமார் 13 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 230 டாலர் கார்டுகளை விற்றால் கையில் நிற்பது 200. மாற்றினால் 230-ம் 230-தான், தபால் செலவு மட்டும் போக.

படத்தில் தெரியாதது

நிலை சொல்லும் அளவுகோல் 1 முதல் 10 வரை. பிஎஸ்ஏ போன்ற தரமிடும் நிறுவனங்களின் வழக்கில் 5 என்றால் எக்ஸலன்ட், 6 எக்ஸலன்ட்-மின்ட், 7 நியர் மின்ட், 8 நியர் மின்ட்-மின்ட், 9 மின்ட், 10 ஜெம் மின்ட். கையிலிருக்கும், உறையிட்டுத் தரமிடப்படாத கார்டை ‘ரா’ என்பார்கள். ரா கார்டுக்கு அவரவர் போடும் எண்தான் நிலை. தன் கார்டுக்கு 6, எதிராளியின் அதே கார்டுக்கு 5 என்று தோன்றுவது மனித இயல்பு. அதனால் எண்ணைச் சொல்வதைவிடக் குறையைச் சொல்வது உருப்படியான வழி: “மேல் இடது மூலை லேசாக உருண்டிருக்கிறது, பின்பக்கம் பென்சில் கோடு இல்லை, மடிப்பு இல்லை, படம் இடப்பக்கம் ஒதுங்கி 65-35.”

அந்த 65-35 எப்படி வரும் என்றால், இடது ஓர அகலத்தையும் வலது ஓர அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, ஒவ்வொன்றையும் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இடம் 1.4, வலம் 2.6 என்றால் கூட்டு 4, இடம் 35, வலம் 65; பெரிய எண்ணை முதலில் சொன்னால் 65-35. கண்மட்டத்தில் சொல்பவர்கள் எப்போதும் 60-40 என்றுதான் சொல்வார்கள்.

இவர்கள் ஒவ்வொரு கார்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு ஸ்கேன் அனுப்பிக்கொண்டார்கள். ஸ்கேனரின் வெளிச்சம் நேராக அடிக்கும். மேற்பரப்பில் மயிரிழைச் சுருக்கம் இருந்தால் நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும். கார்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு விளக்கொளியில் போனில் ஒரு படம் எடுத்தால்தான் அது மின்னும். கண்ணாடி போன்ற மூலைகள் இருந்தாலும் ஒரு சுருக்கம் போதும், கார்டு 3-க்கோ 4-க்கோ இறங்கிவிடும். இந்தப் பேரத்தில் சுருக்கம் எதிலும் இல்லை, அது அதிர்ஷ்டம்.

கறுப்பு ஓரக் கார்டுக்கு இன்னொன்று உண்டு. ஸ்கேனரின் மூடியை மூடினால் பின்புலம் வெள்ளை. ஓரத்தில் மை உதிர்ந்த வெள்ளைப் பொட்டுகள் அந்த வெள்ளையோடு கலந்துபோகும். மேலே ஒரு கறுப்புத் தாளைப் போட்டு ஸ்கேன் செய்தால் பொட்டுகள் நட்சத்திரம் மாதிரித் தனித்துத் தெரியும். மூன்றாவதாக வேண்டியது விளிம்பின் படம்: கார்டைச் செங்குத்தாக நிறுத்தி, அட்டையின் கனம் தெரியும்படி நான்கு பக்கமும். யாரும் கேட்பதில்லை. ஒஹையோக்காரரும் கேட்கவில்லை.

உறை வந்ததும் பதினொன்றையும் எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றாகத் தட்டி, விளிம்பு தன்னைப் பார்க்கும்படி விளக்கடியில் பிடித்தார். பத்துக் கார்டின் விளிம்பும் வெளிர்கோடாகத் தெரிந்தது. வெட்டப்பட்ட அட்டையின் உடல் அப்படித்தான் இருக்கும். ஒன்றின் விளிம்பு மட்டும் கருங்கோடு. கட்டிலிருந்து உருவினால் 709.

பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ். அச்சு மை உதிர்ந்த இடம் ஓடு உடைந்த மாதிரிக் கூரான எல்லையோடு இருக்கும். மார்க்கர் மை அட்டையின் நாருக்குள் ஊறி, பஞ்சில் சிந்திய மாதிரிப் பரவியிருக்கும். முகப்பிலிருந்து வழிந்து விளிம்பிலும் இறங்கியிருக்கும். கார்டைச் சாய்த்தால் டாப்ஸின் கறுப்பு ஒரு பளபளப்பு காட்டும், மார்க்கரின் கறுப்பு மங்கும். புற ஊதா விளக்கில் பல மார்க்கர் மைகள் ஊதாவாகவோ வேறு நிறமாகவோ தெரியும். ஈரப்பஞ்சால் துடைத்துப் பார்ப்பதை மட்டும் செய்யக் கூடாது. திருப்பி அனுப்ப வேண்டி வந்தால், வந்த நிலையில்தான் அனுப்ப வேண்டும்.

ஓரத்தில் நிறம் பூசிய கார்டுக்குத் தரமிடும் நிறுவனங்கள் எண் போடுவதில்லை. மாற்றப்பட்டது என்று குறித்துத் திருப்புவார்கள், அல்லது அசல்தான் ஆனால் மாற்றப்பட்டது என்று உறையிடுவார்கள். 90 டாலர் என்று கணக்கிட்ட கார்டை இருவரும் 25 என்று மறுமதிப்பீடு செய்தார்கள்.

ஓரிகன்காரர் ஏமாற்றவில்லை. அந்தக் கார்டைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் வாங்கிக் கண்ணாடி மாதிரியான கெட்டி உறையில் போட்டவர், அதன் பிறகு வெளியே எடுத்ததே இல்லை. மிகப் பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியில் வந்த டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் கார்டுகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்றை, 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். பிஎஸ்ஏ அதற்கு 8 போட்டது. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீர்செய்ததாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் முத்திரையே தப்பும்போது, ஒரு சேகரிப்பாளரின் கண் தப்பியதில் வியப்பில்லை. வியப்பு, மறுபடி பார்க்காமல் அனுப்பியது.

கட்டியதும் பிரித்ததும்

மறுமுனையில் யவுன்ட். இது கட்டுவதில் வந்த கோளாறு. சின்ன விஷயம்தான், ஆனால் பரிமாற்றங்களில் அதிகம் நடப்பது இதுதான்.

கார்டின் அளவு 2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம். 1957 முதல் டாப்ஸ் இந்த அளவையே வைத்திருக்கிறது. 1952 முதல் 1956 வரை வந்தவை சற்றுப் பெரியவை, சாதாரண உறையில் திணித்தால் மூலை போய்விடும். முதலில் மெல்லிய ‘பென்னி ஸ்லீவ்’. அதன் வாய் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு சாய்வெட்டுப் போட்டால் மூலை தட்டாமல் கார்டு உள்ளே போகும். பிறகு ‘டாப்லோடர்’ எனும் விறைப்பான பிளாஸ்டிக் உறை. இதில் நேரடியாகக் கார்டைப் போடக் கூடாது, கீறும். டாப்லோடரின் வாய் திறந்தே இருக்கும், ஆகவே அதை ‘டீம் பேக்’ என்ற ஒட்டுமடிப்புள்ள பையில் இட்டு மூட வேண்டும். பை இல்லையென்றால் பெயின்ட் அடிப்பவர்கள் சுவரில் ஒட்டும் நீல நாடா. நாடாவின் ஒரு நுனியைக் கால் அங்குலம் உள்ளே மடித்து ஒட்டினால், வாங்குபவர் அந்தக் காதைப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

அடுத்து அட்டைப்பெட்டியில் வெட்டிய இரண்டு துண்டுகள், டாப்லோடரைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பெரிதாக. ஒரு துண்டின் நெளிவரி நீளவாக்கிலும் மற்றதின் நெளிவரி குறுக்குவாக்கிலும் இருந்தால் எந்தப் பக்கமும் வளையாது. நடுவில் டாப்லோடர்கள், சுற்றிலும் நாடா, பிறகு குமிழ் உறை. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. விளிம்பில் பள்ளம் விழும்.

சாதாரணக் கடித உறையில் தபால்தலை ஒட்டி அனுப்புவதும் உண்டு. ஒரு டாலர், இரண்டு டாலர் காமனுக்கு அது போதும். ஆனால் கடிதங்களை இயந்திரம் உருளைகளுக்கு நடுவே இழுத்துப் பிரிக்கும். விறைப்பான டாப்லோடர் அதற்குள் வளையாது. உறை கிழியும் அல்லது கார்டு நொறுங்கும். தடிமன் கால் அங்குலத்தைத் தாண்டினால் அது கடிதக் கணக்கிலேயே வராது. இங்கே இருவரும் அந்த அற்பச் சிக்கனம் பார்க்காமல் அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ்ஸின் கிரவுண்ட் அட்வான்டேஜ் வழியில் அனுப்பினார்கள். கண்காணிப்பு எண் உண்டு, 100 டாலர் வரை காப்பீடு கட்டணத்திலேயே அடக்கம். உள்ளே இருந்தது 242 டாலர் சரக்கு. மிச்சம் 142-க்குக் கூடுதல் காப்பீடு எடுக்கவில்லை. உறை தொலைந்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும்.

ஒஹையோக்காரரிடம் டீம் பேக் இரண்டுதான் இருந்தன. பிரெட்டும் ஹெண்டர்சனும் அதில் போயின. யவுன்டின் டாப்லோடர் வாயை அலுவலகச் செலோ நாடாவால் சுற்றி ஒட்டினார். அந்த நாடா சில நாளில் பிளாஸ்டிக்கோடு ஒன்றிப்போகும். ஓரிகனில் அதை நகத்தால் உரிக்க முடியவில்லை; பேனாக்கத்தி எடுத்தார். டாப்லோடரின் வாய்ப்பகுதியில் கார்டின் மேல்விளிம்பு எங்கே நிற்கிறது என்பது நாடாவுக்கு அடியில் தெரியாது. கத்தி முனை மேல்விளிம்பில் 2 மில்லிமீட்டர் கீறியது. 1975 கார்டுகளுக்கு இரட்டை நிறப் பளிச் ஓரம்; அதிலும் வெள்ளைக் கீறல் ஊரறியத் தெரியும். 60 டாலர் கார்டு 30-க்கு வந்தது.

இதற்குத் தபால் காப்பீடு உதவாது. வழியில் நேர்ந்த சேதத்துக்குத்தான் அது. நாடா ஒருவருடையது, கத்தி மற்றவருடையது.

தீர்த்துக்கொண்டது

பேசும்போது எழுதி வைத்துக்கொள்ளாததால் இங்கே கொஞ்சம் இழுபறி. ஒழுங்கான முறை, ஒப்புக்கொள்ளும் செய்தியிலேயே நான்கு விஷயம் எழுதுவது: இரு பக்கக் கார்டுகளும் எண்ணோடும் குறையோடும்; யார் முதலில் அனுப்புவது, அல்லது ஒரே நாளில் அனுப்பிக் கண்காணிப்பு எண்ணை மாற்றிக்கொள்வது; கையில் சேர்ந்து எத்தனை நாளுக்குள் குறை சொல்லலாம் (மூன்று நாள் என்பது பரவலான வழக்கு); திருப்பி அனுப்பினால் தபால் செலவு யாருடையது. பழைய பரிமாற்றங்களில் நற்பெயர் குறைவாக உள்ளவர் முதலில் அனுப்புவது எழுதாத விதி. இவர்கள் ஒரே நாளில் அனுப்பியது சரியான முடிவு.

முழுதும் திருப்பிக்கொள்வது முதல் வழி. இரு பக்கமும் மீண்டும் தபால் செலவு, மீண்டும் ஆபத்து, தவிர யவுன்ட் போனபடி திரும்ப வராது. 709-ஐ மட்டும் திருப்பி 90 டாலர் வாங்குவது இரண்டாவது. அப்படிச் செய்தால் செட்டில் ஓர் ஓட்டை விழும். மூன்றாவதைத் தேர்ந்தார்கள்: எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், குறைந்த மதிப்பை மட்டும் பணமாகத் தீர்ப்போம்.

709-இல் இறங்கியது 65. அது முழுக்க ஓரிகன்காரர் பொறுப்பு, தெரியாமல் செய்திருந்தாலும். அனுப்பியவர் சரக்குக்குப் பொறுப்பு என்பதில் இந்த வட்டாரத்தில் இரண்டு பேச்சு இல்லை. யவுன்டில் இறங்கியது 30. அதை ஆளுக்குப் பாதியாக 15 என்று பிரித்தார்கள். 65-இல் 15 கழிந்து 50 டாலர் ஒஹையோவுக்கு வந்தது. எங்கள் கணக்கில் யவுன்டின் பங்கில் நாடா ஒட்டியவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிருக்க வேண்டும். கத்தி எடுக்க வைத்ததே நாடா. நீல நாடா ஒரு சுருள் சில டாலர்தான். ஆனால் பேச்சு கசக்காமல் முடிந்ததற்கு ஐந்து, பத்து டாலர் விட்டுக்கொடுப்பது மலிவு.

பணம் பேபால் வழியாக, ‘பொருளும் சேவையும்’ என்ற வகையில் வந்தது. அதில் சுமார் 3 சதவீதம் கட்டணம் போகும். ‘நண்பர், குடும்பம்’ வகையில் கட்டணம் மிச்சம், ஆனால் தகராறு வந்தால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. முன்பின் தெரியாதவரோடு அந்த மிச்சம் பிடிக்கக் கூடாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் காசு கைமாறாததால் வரியும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரே வகைச் சொத்தை மாற்றிக்கொண்டால் வரியைத் தள்ளிப்போடும் சலுகை 2018 முதல் நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும்தான். கார்டுக்குக் கார்டு மாற்றுவதும் விற்பனை மாதிரியே கணக்காகும். பத்து டாலருக்கு வாங்கிய பிரெட்டை 95 டாலர் ஈட்டுக்குக் கொடுத்தால் 85 டாலர் லாபம்; ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு வரி அதிகபட்சம் 28 சதவீதம். ஆகவே எந்தக் கார்டு எப்போது, என்ன விலைக்கு வந்தது என்ற குறிப்பு வேண்டும். வாங்கிய விலை தெரியவில்லை என்றால் முழுத் தொகையையும் லாபமாகக் கருதும் நிலை வரலாம்.

ஓரிகன்காரர் 50 டாலரோடு கொசுறாக ஒன்றும் அனுப்பவில்லை, நல்லது. கொசுறு போடுவது இங்கே அன்பான பழக்கம்தான், எதிராளியின் சொந்த ஊர் அணிக் கார்டு நான்கைந்து உறையில் செருகிவிடுவார்கள். ஆனால் 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளிய கார்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொசுறு என்று அனுப்புபவர்கள் குப்பையைத்தான் இடம் மாற்றுகிறார்கள்.

ஒன்பது பை கொண்ட பாலிப்ரொப்பிலீன் தாளில் 752 கார்டுகளுக்கு 84 தாள் வேண்டும். 709-இன் இடம் 79-ஆம் தாள், கீழ்வரிசையின் முதல் பை. மை பூசிய கார்டு இப்போது அங்கே இருக்கிறது. அதன் பென்னி ஸ்லீவில் ஒரு சிறு தாள் ஒட்டி, “ஓரம் மை; மாற்றத்துக்கு இல்லை” என்று எழுதியிருக்கிறது. வேறு 709 கிடைத்ததும் கார்டை உருவுபவர் யாராக இருந்தாலும் அந்தத் தாளும் கூடவே வரும்.